கடை மூடியது, வீடு திறந்ததா?

(வியாபாரிகளும் இளைஞர்களும் குடும்பத்தினரோடு கலந்துகொண்ட கூட்டத்தில் ஆற்றிய உரை. வாசகர்களுக்காக எழுத்து வடிவில் தரப்படுகிறது.)



அன்புச் சகோதரர்களே! திரைக்கு அப்பால் அமர்ந்திருக்கும் தாய்மார்களே! சகோதரிகளே!

2020 மார்ச் 24, செவ்வாய்க்கிழமை மாலை ஆறு மணி. தமிழகம் முழுவதும் கடைகளின் ஷட்டர் இறங்கிய நேரம் அது. அன்று இரவே நாடு முழுமைக்கும் ஊரடங்கு என்று அறிவித்தார்கள். மார்ச் 25-ல் தொடங்கி மே 31 வரை நான்கு கட்டங்களாக 68 நாட்கள். காலை எட்டு மணிக்குப் போனால் இரவு பத்து மணிக்குத் திரும்பும் நம் வியாபாரிகள், நடுப்பகலில் தங்கள் வீட்டுச் சுவர் எப்படி இருக்கும் என்பதை அப்போதுதான் பார்த்தார்கள். சுண்ணாம்பு உதிர்ந்து கிடப்பதே சிலருக்கு அன்றுதான் தெரிந்தது!

"முடிந்துபோன கதை. அதை இப்போது ஏன் கிளறுகிறீர்கள்?" என்று நீங்கள் கேட்கலாம். நோயைப் பற்றிப் பேசிவிட்டோம். வியாபார நஷ்டத்தைப் பேசிவிட்டோம். அரசாங்கத்தைப் பற்றி வேண்டிய மட்டும் பேசிவிட்டோம். அந்த 68 நாட்களில் நம் வீட்டுக் கதவுக்கு உள்ளே என்ன நடந்தது என்பதை மட்டும் எந்த மேடையிலும் நாம் பேசவில்லை. வெட்கப்பட்டோ, மறந்தோ விட்டுவிட்டோம். அதைத்தான் இன்று பேசப் போகிறேன்.

ஒரே தெரு. அடுத்தடுத்து இரண்டு வீடு. இரண்டு பேரும் செருப்புக்கடை வைத்திருப்பவர்கள். இரண்டு பேரும் பெருநாள் வியாபாரத்துக்காகக் கடன் வாங்கிச் சரக்கு இறக்கி வைத்திருந்தவர்கள். ஊரடங்கில் இரண்டு வீட்டிலும் அதே ரேஷன் அரிசிதான். அரசு கொடுத்த அதே ஆயிரம் ரூபாய்தான். ஆனால் ஒரு வீட்டில் மாலையானால் மாடியில் சிரிப்புச் சத்தம். அடுத்த வீட்டில் தட்டு பறக்கும் சத்தம். வருமானத்தில் வித்தியாசம் இல்லை, கஷ்டத்திலும் வித்தியாசம் இல்லை. பிறகு எதில் வித்தியாசம்? அந்த வீட்டு ஆணின் நடத்தையில்! இப்படி ஒரு தெருவில் மட்டும் அல்ல, போன ஊரிலெல்லாம் கேள்விப்பட்டேன்.

சிரிப்பது குற்றமா?

"உலகமே செத்துக் கொண்டிருக்கும்போது வீட்டில் என்ன சிரிப்பு?" என்று கேட்ட பெரியவர்களும் உண்டு. அவர்களுக்கு மார்க்கத்தில் இருந்தே பதில் சொல்லிவிடுகிறேன்.

ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டு. கலீஃபா உமர்(ரலி) அவர்கள் ஷாம் நாட்டுக்குப் புறப்பட்டு ஸர்க் என்ற இடம் வரை வந்துவிட்டார்கள். ஷாமில் கொள்ளைநோய் பரவியிருக்கிறது என்று செய்தி வருகிறது. முஹாஜிர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், அன்சாரிகளைக் கூப்பிட்டுக் கேட்டார்கள், குறைஷிப் பெரியவர்களைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். திரும்பிவிடுவது என்று முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா(ரலி) கேட்டபோது, ஒரு விதியிலிருந்து இன்னொரு விதிக்குத்தான் போகிறோம் என்று உமர்(ரலி) விளக்கினார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் நுழையாதீர்கள், உள்ளே இருப்பவர்கள் அதற்குப் பயந்து வெளியேறாதீர்கள் என்ற நபிமொழியை அப்துர்ரஹ்மான் பின் அவ்ஃப்(ரலி) வந்து அறிவித்தபோது, எடுத்த முடிவு சரிதான் என்று உமர்(ரலி) அல்லாஹ்வைப் புகழ்ந்தார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது.

மழை கொட்டும் இரவுகளில் வீட்டிலேயே தொழுதுகொள்ளும்படி பாங்கோடு சேர்த்து அறிவித்த வழக்கமும் நபி(ஸல்) அவர்கள் காலத்தில் இருந்திருக்கிறது. ஆகவே அந்த நாட்களில் வீட்டில் இருந்தது கோழைத்தனம் அல்ல. பொறுமையோடு தங்கியிருப்பவருக்குக் கூலி உண்டு. கூலி கிடைக்கும் இடத்தில் முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று யார் சொன்னது?

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக எனக்கு மனம் வரவில்லை. 2020 மே 7-ஆம் தேதி சென்னை நீங்கலாகத் தமிழகத்தில் மதுக்கடைகளைத் திறந்தார்கள். வழக்கு, தடை என்று இழுத்து, மே 16 முதல் மறுபடி திறந்தார்கள். எல்லா ஊர்ப் பள்ளிவாசல்களும் திறப்பதற்குச் செப்டம்பர் 1 வரை காத்திருந்தோம். எதற்கு எவ்வளவு அவசரம் என்று பாருங்கள்! போகட்டும். விஷயத்துக்கு வருகிறேன்.

தொலைக்காட்சியை நிறுத்திய வீடு

மார்ச் மாதக் கடைசியில் டில்லி நிஜாமுத்தீன் மர்கஸ் விவகாரம் வெடித்தது. இரவு பகலாகத் தொலைக்காட்சியில் நம்மைத்தான் காட்டினார்கள். நோய்க்கே மதம் கொடுத்தார்கள். பழவண்டி தள்ளுகிறவனிடம் பெயர் கேட்டார்கள். நம் வீட்டு ஆண்கள் என்ன செய்தார்கள்? காலை பத்து மணியிலிருந்து இரவு பன்னிரண்டு மணி வரை அந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்து அத்தனையையும் குடித்தார்கள். அந்தக் கோபத்தை யாரிடம் காட்டுவது? தொலைக்காட்சிக்காரனிடம் காட்ட முடியுமா? தண்ணீர் கொண்டுவந்து வைத்த மனைவியிடமும், பந்து உருட்டிய பிள்ளையிடமும் காட்டினார்கள்.

அதற்குப் பிறகு நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். 2020 ஆகஸ்டில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் கிளை, வெளிநாட்டு ஜமாஅத்தினர் மீது போட்ட வழக்குகளை ரத்து செய்தது. பலிகடா தேடியிருக்கிறார்கள் என்ற பொருளில் நீதிமன்றமே கண்டித்தது. 2025 ஜூலையில் டில்லி உயர் நீதிமன்றம், அவர்களுக்குத் தங்க இடம் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட 70 இந்தியர்கள் மீதான வழக்குகளையும் ரத்து செய்தது. ஐந்து ஆண்டு ஆனது. நியாயம் வழக்கு மன்றத்தில் கிடைத்தது. அதற்காகப் போராடியவர்கள் மனுவோடு அங்கே நின்றார்கள். நாற்காலியில் உட்கார்ந்து பல்லைக் கடித்தவர்களால் வழக்குக்கு ஒரு பயனும் இல்லை, வீட்டுக்கு நஷ்டம் மட்டும் வந்தது.

ஒரு குடும்பத்தில் அந்த வீட்டுப் பாட்டி, எழுபது வயது நன்னி, ஒரு ஏற்பாடு செய்தார். காலையில் பத்து நிமிடம், இரவில் பத்து நிமிடம் செய்தி. மற்ற நேரம் ரிமோட் நன்னியின் முந்தானையில். மகன் கேட்டாலும் கிடையாது. "செய்தி தெரியாவிட்டால் எப்படி?" என்று மகன் கேட்டபோது, "கொரோனா வந்தால் செய்தி சொல்லிவிட்டா வரும்?" என்று கேட்டாராம். படிக்காத கிழவி என்று நினைக்காதீர்கள். அந்த வீடுதான் நான் சொன்ன சிரிப்புச் சத்தம் கேட்ட வீடு.

558 தட்டு

வியாபாரிகளே, உங்களுக்குப் புரியும் மொழியில் ஒரு கணக்குப் போடுகிறேன்.

வீட்டில் ஆறு பேர். மூன்று வேளைச் சாப்பாடு. ஒரு நாளைக்கு 18 தட்டு. இரண்டு வேளைத் தேநீர், 12 கிளாஸ். மார்ச் 25 முதல் நோன்பு பிறப்பதற்கு முந்தைய நாளான ஏப்ரல் 24 வரை 31 நாட்கள். பெருக்கிப் பாருங்கள். 558 தட்டு, 372 கிளாஸ். சட்டி, பானை, குக்கர், வாணலி இதில் சேரவில்லை. இடையில் "சும்மா ஒரு டீ போடேன்" என்று கேட்டீர்களே, அதுவும் சேரவில்லை. கடை திறந்திருந்த காலத்தில் மதியச் சாப்பாடு கேரியரில் கடைக்குப் போகும். பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருப்பார்கள். வீட்டுப் பெண்ணுக்கு லுஹர் தொழுதுவிட்டு ஒரு மணி நேரம் சாய்ந்துகொள்ள நேரம் இருந்தது. ஊரடங்கில் உங்கள் எல்லோருக்கும் விடுமுறை. அவளுக்கு மட்டும் வேலை இரட்டிப்பு! வேலைக்கு வந்து உதவிய பெண்மணியும் வரவில்லை.

இந்த 558 தட்டில் நீங்கள் எத்தனை கழுவினீர்கள்? எனக்குச் சொல்ல வேண்டாம். திரைக்கு அந்தப் பக்கம் பதில் தெரியும்.

நபி(ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று அஸ்வத் என்பவர் ஆயிஷா(ரலி) அவர்களிடம் கேட்டார். குடும்பத்தின் வேலைகளில் இருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்பது அன்னையார் சொன்ன பதிலின் சாரம். புகாரியில் இருக்கிறது. கிழிந்த ஆடையைத் தாமே தைத்தார்கள், செருப்பைத் தாமே செப்பனிட்டார்கள், ஆட்டில் பால் கறந்தார்கள் என்று வேறு அறிவிப்புகளில் விவரம் வருகிறது. மதீனாவின் தலைவர்! படைகளுக்குக் கட்டளையிட்டவர்! அவர்களுக்கு இல்லாத கௌரவக் குறைச்சல் நமக்கு எங்கிருந்து வந்தது? தாடியில் சுன்னத், தொப்பியில் சுன்னத், அடுப்படி வாசலில் மட்டும் சுன்னத் நின்றுவிடுமா?

சில வீடுகளில் ஆண்கள் அடுப்படிக்குள் வந்தார்கள், உண்மைதான். எதற்கு வந்தார்கள்? மேற்பார்வைக்கு! "வெங்காயத்தை இவ்வளவு தடிமனாகவா நறுக்குவது? எண்ணெயை ஏன் இப்படிக் கொட்டுகிறாய்?" கடையில் பையன்களை விரட்டிப் பழகிய வாய். விரட்ட ஆள் இல்லாததால் மனைவியை விரட்டியது. கல்லாப்பெட்டி முன்னால் உட்கார்ந்து பழகியவருக்கு வீட்டில் உட்கார ஒரு கல்லா இல்லை. அதிகாரம் போய்விட்டது போல ஒரு தவிப்பு. அந்தத் தவிப்பு எனக்குப் புரிகிறது. ஆனால் தவிப்பு வந்தவன் கை நீட்டலாம் என்று எந்தக் கிதாபிலும் இல்லை.

ஆம், கை நீட்டிய வீடுகளும் இருந்தன. நம் தெருவில் இல்லை என்று தலையைத் திருப்பாதீர்கள். தேசிய மகளிர் ஆணையத்துக்கு 2020-ஆம் ஆண்டில் வந்த புகார்கள் 23,722. அதற்கு முந்தைய சில ஆண்டுகளில் இவ்வளவு வந்ததில்லை. இது எழுதத் தெரிந்து, போன் கையில் கிடைத்து, துணிந்து சொன்னவர்களின் எண்ணிக்கை. அடித்தவனும் அதே இரண்டு அறைக்குள்தான் இருக்கிறான் என்றால் எத்தனை பெண்கள் சொல்லியிருப்பார்கள்? நாட்டு எல்லைகளில் சண்டையை நிறுத்துங்கள் என்று மார்ச் மாதம் வேண்டுகோள் விடுத்த ஐ.நா. பொதுச்செயலாளர் குட்டெரஸ், ஏப்ரல் தொடக்கத்தில் வீடுகளுக்குள்ளேயும் சண்டையை நிறுத்துங்கள் என்று உலகத்தைக் கேட்க வேண்டி வந்தது. நபி(ஸல்) அவர்கள் எந்த மனைவியையும், எந்தப் பணியாளரையும் கையால் அடித்ததில்லை என்று ஆயிஷா(ரலி) அறிவிக்கும் செய்தி முஸ்லிமில் இருக்கிறது. இதற்கு மேல் நான் விளக்கம் சொல்லத் தேவையில்லை.

விளையாட்டும் கஞ்சியும்

கனமான பேச்சு போதும். சிரித்த வீடுகளைப் பற்றிச் சொல்கிறேன்.

பரணில் கிடந்த கேரம் பலகை இறங்கியது. நன்னி வீட்டுப் பல்லாங்குழி இறங்கியது. சோழி கிடைக்காத வீட்டில் புளியங்கொட்டை. (பகடை உருட்டும் ஆட்டத்தை நபி(ஸல்) கண்டித்திருக்கிறார்கள். தாயக்கட்டை வேண்டாம். கேரத்திலும் காசு வைத்தால் அது சூதாட்டம்.) பிள்ளைகளோடு சரிக்குச் சமமாகத் தரையில் உட்கார்ந்து தோற்றுக் காட்டிய அத்தாமார்கள் இருந்தார்கள். அந்தப் பிள்ளைகள் அதை மறக்கவில்லை. ஒரு பையன் என்னிடம் சொன்னான்: "ஹஜ்ரத், எங்க அத்தாவுக்கு ஜோக் சொல்லத் தெரியும்னே எனக்கு அப்பதான் தெரியும்." அவனுக்கு அப்போது வயது பதினாறு. பதினாறு வருடம்!

ஆயிஷா(ரலி) அவர்களோடு நபி(ஸல்) ஓட்டப்பந்தயம் ஓடியது அபூதாவூதில் இருக்கிறது. முதல் முறை அன்னையார் ஜெயித்தார்கள். பிறகு உடம்பு சற்றுப் போட்டதும் நபி(ஸல்) ஜெயித்து, அதற்கு இது சரியாகிவிட்டது என்று சொல்லிச் சிரித்தார்கள். ஒரு பெருநாளில் அபிசீனியர்கள் ஈட்டி விளையாட்டு காட்டியபோது, அன்னையார் தாமே போதும் என்று நினைக்கும் வரை மறைவாக நின்று பார்க்க வைத்தார்கள். அபூஉமைர் என்ற சிறுவன் வளர்த்த குருவி செத்துப்போனபோது, அந்தக் குருவியின் பெயரை அவன் பெயரோடு எதுகை சேர்த்து விசாரித்தார்கள். எனக்குப் பத்துப் பிள்ளைகள், ஒன்றைக்கூட முத்தமிட்டதில்லை என்று அக்ரஉ பின் ஹாபிஸ் பெருமையாகச் சொன்னபோது நபி(ஸல்) அவரைப் பார்த்த பார்வையில் பெருமைக்கு இடமே இல்லை. இந்தச் செய்திகளை நாம் பயானில் கேட்டுத் தலையாட்டியிருக்கிறோம். செய்து பார்க்க அல்லாஹ் 68 நாட்கள் கொடுத்தான்.

ஏப்ரல் 25-ல் நோன்பு பிறந்தது. பள்ளிவாசலில் கஞ்சி இல்லை. அந்த ஆண்டு 2,895 பள்ளிவாசல்களுக்கு 5,450 டன் அரிசி என்று அரசு அறிவித்தது. பள்ளியில் வைத்துக் காய்ச்ச முடியாது என்பதால் அரிசியை வீடுகளுக்குக் கொடுத்தார்கள். வந்தது அரிசி. வந்தது பிரச்சினையும்! நம் வீட்டுப் பெண்கள் பலருக்குப் பிரியாணி வரும், இடியாப்பம் வரும், நோன்புக் கஞ்சி வராது. ஏன் வர வேண்டும்? காலம் காலமாகத் தூக்குச் சட்டியைக் கொடுத்துப் பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பினால் போதுமே! கஞ்சி தெரிந்தவர்கள் யார் என்றால் பள்ளியில் துடுப்புப் போட்டுக் கிளறிய நம் இளைஞர்கள். அம்மா கேட்டாள், மகன் ஆசிரியரானான். ஆனால் அவனுக்குத் தெரிந்தது இருபது படி அரிசிக்குக் கணக்கு. ஒரு உழக்கு அரிசிக்கு எவ்வளவு வெந்தயம் என்று கேட்டால் முழித்தான். முதல் நாள் கஞ்சி கசந்தது. இரண்டாம் நாள் பாசிப்பருப்பு அடிப்பிடித்தது. மூன்றாம் நாள் தேங்காய்ப்பால் திரிந்தது. நான்காம் நாள் ஓரளவுக்கு வந்தது. ஒரு வாரத்தில் தெருவில் யார் வீட்டுக் கஞ்சி நல்ல கஞ்சி என்ற போட்டி ஆரம்பித்துவிட்டது. கதவுக்கு வெளியே முக்காலியில் கிண்ணத்தை வைத்துவிட்டுத் தள்ளி நின்று பக்கத்து வீட்டைக் கூப்பிடுவது. ஆண்டுதோறும் பள்ளி வாசலில் கஞ்சி வாங்கிப் பழகிய பக்கத்துத் தெரு இந்து சகோதரர்களுக்கும் அப்படியே போய்ச் சேர்ந்தது. தொலைக்காட்சி நம்மைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டிருந்த நாட்களில் அது நடந்தது என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தராவீஹ் தொழுகையும் வீட்டுக்குள் வந்தது. இமாம் இல்லை. ஐம்பது வயது அத்தாவுக்கு ஓதத் தெரிந்தது சின்னச் சூராக்கள் மட்டும். மத்ரஸாவில் ஹிஃப்ழு ஓதி விடுமுறையில் வந்திருந்த பதின்மூன்று வயது மகன் முன்னால் நின்றான். பின்னால் அத்தா, அவருக்குப் பின்னால் அம்மா, அக்கா, நன்னி. பள்ளிவாசலில் பெண்களுக்கு இடமில்லாத ஊர்களில், தம் பிள்ளை ஓதுவதைப் பின்னால் நின்று கேட்கும் பாக்கியம் தாய்மார்களுக்கு அந்த ஒரு ரமலானில் கிடைத்தது. அந்தப் பழக்கத்தை இன்று எத்தனை வீடுகள் தொடர்கின்றன?

இளைஞர்களே, உங்களுக்கும் ஒரு வார்த்தை. ஒன்றாம் வகுப்பிலிருந்து எட்டாம் வகுப்பு வரை நம் தமிழகத்துப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் திரும்பியது 2021 நவம்பர் 1-ஆம் தேதி. ஒன்றரை வருடத்துக்கு மேல்! வீட்டில் ஒரு போன், அதில் தம்பிக்கு ஆன்லைன் வகுப்பு. அந்தப் போனைப் பிடுங்கி இரவெல்லாம் கேம் ஆடிய அண்ணன்மார்களும் இருந்தார்கள். தம்பி தங்கைகளைச் சுற்றி உட்கார வைத்து வாய்ப்பாடு சொல்லிக் கொடுத்த அண்ணன்மார்களும் இருந்தார்கள். நீங்கள் எந்த அணியில் இருந்தீர்கள் என்பது உங்கள் தங்கைக்குத் தெரியும்.

நம் மக்களில் ஒரு பெரும் பங்கு அப்போது வளைகுடாவில் இருந்தது. துபாய் தேராவில் அல்ராஸ் பகுதியை 2020 மார்ச் 31 முதல் இரண்டு வாரம் முழுமையாக அடைத்தார்கள். ஒரு அறையில் அடுக்குக் கட்டில் போட்டு எட்டுப் பேர், பத்துப் பேர். அவர்களுக்கு வீடே ஒரு போன் திரைதான். இங்கிருந்து மனைவி பேசும்போது அழுதுவிட்டால், அந்த மனிதன் எட்டுப் பேருக்கு நடுவில் அழ இடமில்லாமல் கழிப்பறைக்குள் போய் நிற்பான். அதனால் கஞ்சி கசந்த கதையையும் பிள்ளை கேரத்தில் அழுகுணி ஆட்டம் ஆடிய கதையையும் தேடித் தேடிச் சொன்ன சகோதரிகள் இருந்தார்கள். அவர்களும் கவலையில்தான் இருந்தார்கள். மே 7 முதல் விமானம் விட்ட பிறகும் பெயர் வராமல் காத்திருந்தவர்கள் ஆயிரக்கணக்கில்.

மறைத்த கணக்கு

இப்போது நான் சொல்ல வந்த முக்கியமான விஷயம்.

முகம் இருண்ட வீடுகளில் போய்க் கேட்டால், பல இடங்களில் கடைசியாக வந்து நின்றது ஒரே காரணம். கடன். கடன் எல்லோருக்கும்தான் இருந்தது. இவர்கள் அதை வீட்டில் மறைத்திருந்தார்கள். 2020 பெருநாள் மே 25. துணிக்கடை, செருப்புக்கடை, ஃபேன்சி கடைக்காரர்களுக்கு அந்த ஒரு மாதம்தான் வருடத்தின் அறுவடை. சரக்கு குடோனில் தூங்கியது. வங்கித் தவணையை மூன்று மாதம் தள்ளி வைக்கலாம் என்று ரிசர்வ் வங்கி மார்ச் 27-ல் சொன்னது. தவணை தள்ளிப் போனது, வட்டி நிற்கவில்லை. வட்டியில் மாட்டியவர்களின் நிலை பற்றித் தனியாகப் பேச வேண்டும், இன்று வேண்டாம்.

வீட்டுக்காரர் போன் வந்தால் மாடிக்கு ஓடுவார். இறங்கி வரும்போது முகம் வேறாக இருக்கும். மனைவி கேட்டால் "உனக்கு ஒண்ணும் புரியாது, போ." அவள் என்ன நினைப்பாள்? வேறு பெண்ணோ என்று நினைத்த பெண்களும் உண்டு! இந்தச் சந்தேகத்தோடு எந்த வீட்டில் சிரிப்பு வரும்? ஆனால் ஒரு மளிகைக்கடைக்காரர், ஊரடங்கின் இரண்டாம் வாரம், மனைவியையும் பெரிய மகனையும் உட்கார வைத்துக் கடை நோட்டைப் பிரித்துவிட்டார். இவ்வளவு வர வேண்டும், இவ்வளவு கொடுக்க வேண்டும். அந்த அம்மா ஒரு மணி நேரம் பேசவில்லை. பிறகு சொன்ன முதல் வார்த்தை: "இதுக்கா இத்தனை நாள் மூஞ்சியைத் தூக்கி வச்சிருந்தீங்க?" மறுநாள் அவர்களே செலவுப் பட்டியல் போட்டார்கள். யாரிடம் தவணை கேட்கலாம், யார் கடனை முதலில் அடைக்க வேண்டும் என்று அவர்கள் சொன்ன யோசனை, இவருக்கு இருபது வருட வியாபாரத்தில் தோன்றாத யோசனை.

இது வீட்டு நிம்மதிக்காக மட்டும் சொல்வதில்லை. 2021 வந்தது. மே 21-ஆம் தேதி ஒரே நாளில் தமிழகத்தில் 36,184 பேருக்குத் தொற்று. மே 24 முதல் தளர்வில்லாத ஊரடங்கு. அந்த நாட்களில் நம் இளைஞர்கள் பாதுகாப்பு உடை அணிந்து ஜனாஸாக்களை அடக்கம் செய்தார்கள். பிற மதத்தவர் உடல்களையும் அவர்கள் முறைப்படி தகனத்துக்குக் கொண்டுபோனார்கள். நாற்பது வயது, நாற்பத்தைந்து வயது வியாபாரிகள் போய்விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குள் போனவர் போனதுதான். ஒரு வார்த்தை சொல்ல முடியவில்லை. நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்கும் பெண்ணின் வீட்டு வாசலில், "உங்க வீட்டுக்காரர் எனக்கு மூணு லட்சம் தரணும்" என்று ஒருவர் வந்து நிற்கிறார். உண்மையா, பொய்யா? அவளுக்குத் தெரியாது. கணவனுக்கு வர வேண்டிய பணம் யாரிடம் எவ்வளவு? தெரியாது. தர வேண்டியவர்களில் சிலர் வாயைத் திறக்கவே இல்லை. அல்லாஹ் அவர்களைப் பார்த்துக்கொள்வான்.

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எதைப் பற்றியது தெரியுமா? அல்பகரா அத்தியாயத்தின் 282-வது வசனம். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. சிறியதானாலும் பெரியதானாலும் எழுதச் சலிப்படையக் கூடாது என்கிறது. ஜனாஸா கொண்டுவரப்பட்டால் இவருக்குக் கடன் இருக்கிறதா என்று நபி(ஸல்) கேட்டார்கள். ஒருவருக்குச் சில தீனார்கள் கடன் இருந்தபோது அபூகதாதா(ரலி) அதைப் பொறுப்பேற்ற பிறகுதான் தொழ வைத்தார்கள். எழுதி வைக்காதவனின் கடனை யார் பொறுப்பேற்பது?

இன்றிரவு கடையை அடைத்துவிட்டு வரும்போது ஒரு நோட்டு வாங்கி வாருங்கள். நாற்பது பக்க நோட்டு போதும். முதல் பக்கத்தில் மனைவிக்குக் கொடுக்காத மஹர் பாக்கி இருந்தால் அதை எழுதுங்கள். அதுவும் கடன்தான், சொத்தைப் பங்கு வைப்பதற்கு முன்னால் அடைக்க வேண்டிய கடன். அவர்களின் நகையை வாங்கி அடகு வைத்திருந்தால், எந்தக் கடையில், எத்தனை பவுன், ரசீது எந்த டப்பாவில் என்று எழுதுங்கள். அடுத்த பக்கத்தில் கொடுக்க வேண்டியது, பெயர், தொகை, தேதி. அதற்கடுத்த பக்கத்தில் வர வேண்டியது. சீட்டுப் பணம், கடை அட்வான்ஸ், வங்கிக் கணக்கு, வாரிசாக யார் பெயர் போட்டிருக்கிறது என்பது. பெரிய தொகையாக இருந்தால் இரண்டு சாட்சிகள் கையெழுத்துப் போடட்டும். எழுதி முடித்ததும் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள். இஷாவுக்குப் பிறகு மனைவியை உட்கார வைத்து, டீயை நீங்களே போட்டுக் கொடுத்துவிட்டு, வரிவரியாகப் படித்துக் காட்டுங்கள். நடுவில் நிறுத்துவார்கள். "இந்த இருபதாயிரம் எதுக்கு வாங்கினீங்க?" என்று கேட்பார்கள். பதில் சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போங்கள்.